‘போன் அப்பா’ வீட்டுக்கு வந்தபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது வேலூர் பகுதியில் குழந்தைகள் நல ஆலோசகராக நான் கையாண்ட ஒரு நிகழ்வு. நீண்ட நாள் கழித்து லீவில் வந்த பட்டாளத்து அப்பாவை அவருடைய சின்ன மகளே ஏற்காமல் போனதைப் பற்றியது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வேலூர் மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டை மாதிரியான ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறவர்கள் உண்டு. இந்தக் குடும்பத்தின் ஊர் அது இல்லை, ஆனால் அதே சாயல். தாத்தா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ராணுவத்தில் நாயக் பதவியில் இருப்பவர், வயது 32. மருமகள் பட்டதாரி, வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, இந்த நிகழ்வின்போது வயது மூன்றேகால். குழந்தையின் தாய்மாமன் வீடு பக்கத்துத் தெரு. பால் வாங்கி வருவது, பள்ளியில் விடுவது, ஊசி போடக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான்.

பட்டாளத்துக்காரர்கள் தங்கள் வேலையை பீஸ் (அமைதியான இடம்), பீல்டு (எல்லை, சண்டைப் பகுதி) என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ளலாம், பீல்டில் முடியாது. குழந்தை பிறந்தபோது அதன் அப்பா காஷ்மீரில், வெவ்வேறு யூனிட்டுகளிலிருந்து சில காலத்துக்கு ஆட்களை எடுத்து நடத்தும் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தார். அது முடிந்து சொந்த யூனிட்டுக்குத் திரும்பினால், யூனிட் லடாக் கிளம்பத் தயாராக இருந்தது. அங்கிருந்து சியாச்சின் பனிமலையில் (கிளேசியரில்) காவல் முறை. கிளேசியருக்கு நேராக ஏறிவிட முடியாது. சுமார் 12,000 அடியில் உள்ள பேஸ் கேம்ப் தொடங்கி, உடம்பைப் பழக்கிப் பழக்கித்தான் 18,000 அடிக்கு மேலுள்ள போஸ்ட்டுகளுக்கு அனுப்புவார்கள். போஸ்ட்டில் மூன்று மாதம் அளவுக்கு இருக்க வேண்டியிருக்கும்.

ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு என்பது கணக்கு. கேட்ட நேரத்தில் கிடைப்பது வேறு கதை. பயிற்சி, மேலே ஏறும் முறை, பனி என்று இவருடைய லீவு தள்ளிக்கொண்டே போனது. கடைசியாக வந்து போனபோது குழந்தைக்கு இரண்டு வயது ஒரு மாதம். அடுத்து வரும்போது 14 மாதம் ஆகியிருந்தது.

இடையில் இருந்தது போன்தான். கீழே இருக்கும்போது வீடியோ கால் வரும். மேலே போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் குரல் மட்டும். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். குழந்தை கோழி, ஆட்டுக்குட்டி கதையெல்லாம் சொல்லும். “அப்பா எங்கே?” என்று யாராவது கேட்டால் அம்மாவின் செல்போனைக் காட்டும். ‘போன் அப்பா’ என்று பெயரே வைத்திருந்தது. வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வந்த நாள்

அவர் வருவது தாய்மாமனுக்கு மட்டும் தெரியும். பட்டாளத்துக்காரர் திடீரென்று வந்து நிற்பதும் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வதுமான வீடியோக்களை இருவரும் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை எடுக்க ஆசை. காட்பாடியில் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல், யூனிபார்மோடு நேராகக் குழந்தையின் நர்சரி பள்ளிக்குப் போனார். பள்ளி விடும் நேரம். மாமா கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை பார்த்தது, தன்னை நோக்கி வேகமாக வந்து தூக்கிக்கொண்ட ஒரு பெரிய ஆளை. வீறிட்டு அழுதது, முகத்தில் அடித்தது, உடையிலேயே சிறுநீர் கழித்தது. டீச்சர் வாங்கிக்கொண்ட பிறகும் வெகுநேரம் விசும்பல் நிற்கவில்லை. வீடியோவை மாமா அன்றைக்கே அழித்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள் இன்னும் கடினமாகப் போயின. அப்பா இருக்கும் அறைக்குள் குழந்தை வராது. கேண்டீனிலிருந்து வாங்கிவந்த சாக்லேட்டை அவர் கையால் வாங்காது, மேஜையில் வைத்துவிட்டு அவர் அந்தப் பக்கம் போனால் எடுத்துக்கொள்ளும். இரவில் அம்மா பக்கத்தில் அவர் படுத்தால் அழுகை. அவர் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். “அப்பாகிட்ட போடி கண்ணு” என்று ஆயா (அப்பாவின் அம்மா) ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் “அப்பாவுக்கு முத்தம் குடு பாக்கலாம்” என்றார்கள். குழந்தை அம்மாவிடம் கேட்டது: “அந்த அங்கிள் எப்பம்மா ஊருக்குப் போவாரு?” அதே குழந்தை, சாயங்காலம் ஆனால் அப்பாவோடு பேச போன் வேண்டும் என்று அடம்பிடித்தது.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டதற்கு அவர் ஒரு சத்தம் போட்டார். குழந்தை நடுங்கிப்போனது. அன்று இரவு கணவன் மனைவிக்குள் சண்டை. “நீ என்னைப் பத்தி அவகிட்ட என்னதான் சொல்லி வச்சிருக்க?” என்று அவர் கேட்டாராம். மறுநாள் மூவரும் என்னிடம் வந்தார்கள்.

பார்த்தவை

குழந்தையின் பேச்சும் விளையாட்டும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இந்த வாரம் திரும்பியிருந்தது. அம்மாவின் புடவையைப் பிடித்தபடி சமையல் சாமான் பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலி நுனியில், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, ஆபீசர் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் பேசத் தொடங்கியதும் குழந்தையின் கை நின்றது. தலை திரும்பவில்லை, காது மட்டும் இங்கே இருந்தது. அவர் நிறுத்தியதும் விளையாட்டு தொடர்ந்தது. இது மூன்று நான்கு முறை நடந்தது. குரல் இவளுக்குப் பழக்கம், முகம்தான் அந்நியம். அம்மாவின் செல்போனில் இருந்த பழைய படத்தைப் பார்த்தால் காரணம் புரிந்தது. அதில் பூசினாற்போல் ஒரு முகம். எதிரே இருந்தவர் உயரத்தில் பசி எடுக்காமல் இளைத்து, பனி வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தார்.

அப்பாவிடம் தனியாகப் பேசினேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அது சென்ட்ரியாகக் காவல் நிற்கும் நேரம் என்றார். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். கெட்ட கனவுகள் இல்லை, குடி இல்லை, எதையும் கண்டு ஒதுங்குவதும் இல்லை. தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாமா என்றதும் முகம் மாறியது. “மேடம், இது எங்கயாவது பதிவாகுமா?” மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி நிலை, இறங்கிவிட்டால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் ராணுவத்தில் பரவலாக உண்டு. நான் அவரை வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் கவனிப்போம், மோசமானால் மறுபேச்சில்லாமல் டாக்டர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

அம்மா சொன்னது வேறு. இந்த 14 மாதமும் வீட்டு முடிவு எல்லாம் அம்மாவுடையது. இப்போது ஒவ்வொன்றுக்கும் கணவரிடமிருந்து “இது ஏன் இப்படி?” என்று கேள்வி வருகிறது. சண்டையின் பாதி குழந்தையைப் பற்றியதே இல்லை.

எப்படிப் புரிந்துகொண்டேன்

1950களில் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி இருவரும், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். முதலில் அழுது எதிர்ப்பு, பிறகு சோர்வு, கடைசியில் ஒட்டாமல் விலகிவிடுதல் என்று மூன்று நிலை சொன்னார்கள். விலகிய நிலையில் இருக்கும் குழந்தை, அம்மா வந்தாலும் யாரோ போல நடந்துகொள்ளும். பார்ப்பவர்கள் மறந்துவிட்டது என்று நினைப்பார்கள். நம் குழந்தை விஷயத்தில் அதை அப்படியே பொருத்த முடியாது. இரண்டு வயதில் பார்த்த முகம் மூன்றேகால் வயதில் உண்மையாகவே மங்கிப்போகும். ஆனால் ‘அப்பா’ என்ற இடம் காலியாகவும் இல்லை, அங்கே போன் இருந்தது. வந்த மனிதர் அந்த இடத்துக்குப் போட்டியாக வந்தவர்.

அமெரிக்க ராணுவக் குடும்பங்களைப் பற்றி 2001இல் வெளியான ஒரு கட்டுரை, பிரிவையும் திரும்புதலையும் ஐந்து கட்டமாகப் பிரித்தது. திரும்பி வந்த பிறகு குடும்பம் ஒன்றுசேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம் என்பது அதன் கணக்கு. நம் ஜவானின் கையில் இருந்தது 45 நாள் லீவு. அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. அவர் திரும்பி வந்தவர் இல்லை, திரும்பிப் போகும் தேதியோடு வந்தவர். அந்த அவசரம்தான் வீட்டில் எல்லாரையும் பிடித்து ஆட்டியது. லீவு முடிவதற்குள் குழந்தையை ஒட்டவைத்துவிட வேண்டும் என்ற நெருக்கடியில் எல்லாரும் சேர்ந்து குழந்தையைத் தள்ளினார்கள், குழந்தை பின்னால் போனது. தள்ளுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை என்று எனக்குத் தோன்றியது.

எடுத்த முடிவுகள்

“அப்பாகிட்ட போ” என்ற வாக்கியம் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. முத்தம் கொடு, மடியில் உட்காரு, எதுவும் வேண்டாம். ஆயாவுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பாதி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்.

அப்பா குழந்தையைத் தேடிப் போகக்கூடாது. ஆனால் ஒளியவும் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கையில் ஏதாவது வேலையோடு இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு அது பாரம். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் பெடல் கழன்றிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்யத் தொடங்கினார். ஒரு மணி நேர வேலையை நாலு நாள் இழுக்கச் சொன்னேன். பட்டாளத்துக்காரருக்கு அதுவே பெரிய தண்டனை.

இரவில் மாடிக்குப் போகாமல் அதே அறையில் அம்மாவுக்கு மறுபக்கம் பாய் போட்டுக்கொள்வது என்று முடிவானது. குழந்தையின் இடம் மாறவில்லை, அவரும் வெளியே போகவில்லை.

“ரெண்டு பேரையும் வீட்ல விட்டுட்டு நாம கோயிலுக்குப் போயிடுவோம், வேற வழியில்லாம ஒட்டிக்கும்” என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இதை ஏற்கவில்லை. பிடித்துக்கொள்ள அம்மா இருக்கும்போதுதான் குழந்தை புதியவரைத் துணிந்து பார்க்கும். அம்மாவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பயம் மட்டும்.

கண்டிக்கும் வேலை இப்போதைக்கு அப்பாவுக்கு இல்லை. தாத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “நாங்கெல்லாம் லீவுல வந்தப்போ யாருகிட்ட போய் யோசனை கேட்டோம்?” என்றார். அப்போது ஆயா சிரித்தபடி சொன்னது: “ஏன், உம்புள்ள உன்ன என்னான்னு கூப்ட்டான்? ‘மிலிட்டரிக்காரர் போயிட்டாரா’ன்னு எங்கிட்ட கேட்டவன்தானே இவன்.” மகனுக்கு அது நினைவில்லை. தாத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை, ஆதரிக்கவும் இல்லை.

மாடியிலிருந்து ஒரு போன்

குரல்தான் பாலம் என்றால் போனிலிருந்தே தொடங்கலாம். சாயங்காலம் குழந்தை கேட்கும்போது அப்பா மாடியிலிருந்து அம்மாவின் போனுக்குக் கூப்பிட வேண்டும். நிபந்தனை ஒன்று: தொலைவில் இருப்பதாக நடிக்கக்கூடாது. இவருக்கும் போனில் உள்ளவருக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பொய் சொன்னால் சுவர் இன்னும் உயரும்.

முதல் நாள் குழந்தை வழக்கம்போலக் கதை சொன்னது. நடுவில், “அப்பா, எங்க வீட்டுக்கு ஒரு அங்கிள் வந்திருக்காரு. கத்துவாரு.” அவர் சொன்னார், “அது நான்தான்டா. கத்தினது தப்பு. மாடியிலதான் இருக்கேன்.” “இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த நாள் “மாடியிலயா?” என்று அதுவே கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மாவின் விரலைப் பிடித்தபடி பாதிப் படி ஏறியது. போனிலும் நேரிலும் ஒரே குரல் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்டது. நின்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாட்களில் வீடியோ கால். அவர் திண்ணையில், குழந்தை ஜன்னலுக்கு உள்ளே. திரையைப் பார்ப்பதும் ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பதுமாக இருந்தவள் “ரெண்டு அப்பா!” என்று சிரித்தாள். சைக்கிளுக்குப் பெடல் மாட்டும்போது ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வர மேலும் ஒரு வாரம் ஆனது.

காதுகுத்து

லீவை நம்பி மொட்டையும் காதுகுத்தும் முன்பே முடிவாகியிருந்தது. குலதெய்வக் கோயிலில் இடம் சொல்லி, பத்திரிகையும் அடித்தாயிற்று. வலி, கூட்டம், மேளம் எல்லாம் சேர்ந்த நாள். அப்பாவோடு இப்போதுதான் பழகத் தொடங்கிய குழந்தைக்கு இது நல்ல நேரம் இல்லை. தள்ளிப்போடுவதைப் பற்றிப் பேசினோம். அடுத்த லீவு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளவில்லை.

மடி தாய்மாமனுடையது, அது முறை. அப்பாவுக்கு அதில் ஒரு வலி இருந்தது. “பெத்தவன் நான், ஒட்டிக்கிறது அவன்கிட்ட” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். மொட்டை அடிக்கும்போது அசையாமல் தலையையாவது தான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கத்தியும் ஊசியும் படும் நேரத்தில் பிடித்து அமுக்கும் கை இவருடையதாக இருக்கக்கூடாது. குழந்தையின் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும், குழந்தை வந்தால் தூக்கட்டும்.

குத்தி முடித்ததும் குழந்தை கை நீட்டியது ஆயாவிடம். அப்பாவிடமும் போகவில்லை, அம்மாவிடமும் போகவில்லை. மாலையில் வீட்டில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு திண்ணைக்கு வந்து, அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்று காதைக் காட்டி “வலிக்குது” என்றதாம். போன் இல்லாமல் நேராக அவரிடம் தானாகப் போய்ச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று அம்மா சொன்னார்.

புறப்பாடு

பழகிய கையோடு பிரிய வேண்டும். குழந்தை தூங்கும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது இந்த வீட்டின் வழக்கம், பல வீடுகளின் வழக்கமும் கூட. அழுகையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். தூங்கி எழுந்தால் ஆள் இல்லை என்று ஒருமுறை ஆகிவிட்டால், குழந்தைக்குத் தூங்கவே பயம் வரும். ஆகவே பகலில், விழித்திருக்கும்போது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கடைசி பத்து நாள், சுவரில் உள்ள நாள்காட்டித் தாளை அப்பாவும் குழந்தையும் தினமும் சேர்ந்து கிழித்தார்கள். போகும் தேதியின் தாளில் அவர் ஒரு ரயில் வரைந்து வைத்திருந்தார். அந்த நாளில் குழந்தை அழுதது, காலைக் கட்டிக்கொண்டது. அவர் பேசி, போன் செய்யும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பிறகு

இரண்டு வாரம் குழந்தை அம்மாவை விட்டு நகரவில்லை. இரவில் சிறுநீர் போவது மறுபடி கொஞ்ச நாள் இருந்து நின்றது. அப்பா எங்கே என்றால் இப்போது செல்போனைக் காட்டுவதில்லை, “லடாக்ல” என்கிறாள். ஐந்து மாதம் கழித்து அவர் அடுத்த லீவில் வந்தபோது அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அரை மணி நேரம் போல ஆன பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

அப்பாவின் எரிச்சல் மூன்றாம் வாரத்துக்குள் தணிந்தது. இரண்டு மணி விழிப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் திரும்பப் படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. கணவன் மனைவிக்கு நடுவில் இருந்த விஷயம் அப்படியேதான் இருக்கிறது. “அவர் வந்தா சந்தோஷம்தான் மேடம். ஆனா எனக்கு ரெண்டு வீடு நடத்துற மாதிரி இருக்கு” என்றார் அந்த அம்மா. யூனிட்டுக்கு இப்போது பீஸ் ஸ்டேஷன் வந்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் பட்டியலில் பெயர் இருக்கிறது. மாமனார் மாமியாரைத் தனியாக விட்டுப் போவதா என்பதில் இன்னும் முடிவு இல்லை.

இன்னொரு குடும்பம் வந்தால்

முதலில் மாற வேண்டியது திடீர் வருகை. இரண்டு மூன்று வாரம் முன்பே குழந்தைக்குச் சொல்லலாம். இப்போதைய முகத்தின் படத்தை, தாடியோ இளைப்போ இருப்பதை இருக்கிறபடியே, அனுப்பச் சொல்லி வீட்டில் ஒட்டலாம். முதல் சந்திப்பு வீட்டில், சாதாரண உடையில், குழந்தை அம்மாவின் இடுப்பில் இருக்கும்போது நடக்கட்டும். சொந்தபந்தம் வந்து பார்ப்பதை முதல் வாரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். விசேஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால் லீவின் பிற்பாதியில் வைப்பது நல்லது.

ஆலோசனையும் லீவுக்கு முன்பே தொடங்க வேண்டும். வீட்டு முடிவுகளில் எது யாருடையது என்று கணவனும் மனைவியும் வருகைக்கு முன் போனிலேயே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

இந்த மெதுவான வழி எல்லாருக்கும் பொருந்தாது. இங்கே குழந்தை ஆரோக்கியமாக இருந்தாள், அப்பாவின் சிரமம் லேசானது, வீடு நிறைய ஆள் இருந்தது. கெட்ட கனவு, குடி, கைநீட்டுவது என்று எதுவாவது இருந்தால் மனநல மருத்துவர்தான் முதல் படி. பதிவுக்குப் பயந்து தயங்குகிறவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416, தமிழிலும் பேசலாம். முப்படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். இந்த அப்பாவிடம் அந்த எண்ணைக் கொடுத்தேன். யூனிட்டில் வேறு இரண்டு பேருக்குச் சொன்னதாக அடுத்த லீவில் சொன்னார்.